நேர்காணல் ஆய்வுக்குக் கிளம்பும் முன்: ஒப்புதல், ரகசியம், கேடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேர்காணல், குழுக் கலந்துரையாடல், கள அவதானிப்பு ஆகிய வழிகளில் மனிதர்களிடம் பேசி ஆய்வு செய்யும் பிஎச்டி, முதுகலை மாணவர்களுக்காகவும், மருத்துவக் கல்லூரிச் சமூக மருத்துவத் துறையினருக்காகவும், தொண்டு நிறுவனப் பணியாளர்களுக்காகவும் தொகுத்தது இது. எடுத்துக்காட்டுகள் தமிழ்நாட்டுக் களத்தைச் சார்ந்தவை. பல பதில்களுக்கு அடியில் ஓடுவது ஒரே கேள்விதான்: இவர் சொன்னது யார் காதில் விழுந்தால் இவருக்குக் கேடு? பெரும்பாலும் அது முன்பின் தெரியாத ஆள் இல்லை. மாமியார், மேஸ்திரி, தலைமையாசிரியர், எதிர்வீட்டுக்காரர்.

ரத்தம் எடுக்கவில்லை, மருந்து கொடுக்கவில்லை. பேசத்தானே போகிறோம், எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதி எதற்கு?

ஊசி போட்ட இடம் இரண்டு நாளில் ஆறிவிடும். வாய்தவறிச் சொன்ன ஒரு வாக்கியம் வேலையைப் பறிக்கும், குடும்பத்தைப் பிரிக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களில், உடல்நலம் தொடர்பான சமூக, நடத்தை ஆய்வுகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அதற்கும் முன்னால், 2000ஆம் ஆண்டிலேயே, மும்பையின் சேஹத் என்ற உடல்நல ஆய்வு அமைப்பு முன்னின்று சமூக அறிவியல் உடல்நல ஆய்வுக்கான நெறிமுறைகளைக் கொண்டுவந்தது.

கமிட்டியின் பரிசீலனை மூன்று வகை: விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக் குழுப் பரிசீலனை. உங்கள் ஆய்வு எந்த வகை என்பதைக் கமிட்டிதான் சொல்ல வேண்டும். ‘என் ஆய்வுக்கு விலக்கு உண்டு’ என்று ஆய்வாளர் தானே முடிவு செய்துகொள்ள முடியாது. ஆபத்து குறைந்த நேர்காணல்கள் பெரும்பாலும் விரைவுப் பரிசீலனையில் முடியும். குழந்தைகள், வன்முறை, எச்ஐவி, மனநோய், சிறை என்றால் முழுக் குழுவுக்குப் போகும் என்று எதிர்பாருங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: பன்னிரண்டு நேர்காணல்களை முடித்துவிட்டு அனுமதிக்கு விண்ணப்பிப்பது. முன்தேதியிட்ட அனுமதி என்று ஒன்று கிடையாது. அந்தப் பன்னிரண்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான். ‘பைலட்’ (முன்னோட்டம்) என்று பெயர் வைத்தாலும் இதே கதை.

எங்கள் கலைக் கல்லூரியில் கமிட்டியே இல்லையே?

பல்கலைக்கழகத்தின் கமிட்டியையோ, புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வேறொரு நிறுவனத்தின் கமிட்டியையோ அணுகலாம். ஐசிஎம்ஆர் வழிகாட்டுதலின்படி கமிட்டியில் 7 முதல் 15 உறுப்பினர்கள் இருக்க வேண்டும். தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வந்தவராக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலாளர், பொதுமக்களில் ஒருவர் ஆகியோரும் வேண்டும். துறைத்தலைவரும் இரண்டு பேராசிரியர்களும் கையெழுத்திட்ட ‘துறைக் குழு அனுமதி’ இதற்கு ஈடாகாது. உடல்நல ஆய்வுகளைப் பார்க்கும் கமிட்டி, 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கமிட்டி எதற்காகத் திருப்பி அனுப்புகிறது?

நியூரம்பர்க் 1947, ஹெல்சிங்கி 1964, பெல்மான்ட் 1979 என்று ஆய்வு நெறிமுறை ஆவணங்களின் வரலாற்றை ஒரு பக்கம் எழுதுவது வழக்கமாகிவிட்டது. உறுப்பினர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப்போய்க் கேள்வி வரிசையைத்தான் படிக்கிறார்கள். ‘கேள்விகள் களத்தில் உருவாகும்’ என்று மட்டும் எழுதினால் நிச்சயம் திரும்பி வரும். எட்டுப் பத்து முதன்மைக் கேள்விகள், ஒவ்வொன்றின் கீழும் துருவிக் கேட்கக்கூடிய துணைக் கேள்விகள், எதைக் கேட்கவே மாட்டீர்கள் என்ற ஒரு வரி, இவ்வளவும் தமிழில் இருக்க வேண்டும். களத்தில் புதுத் தலைப்பு கிளம்பினால் திருத்த விண்ணப்பம் போடலாம். அதற்கு வழி இருக்கிறது.

திரும்பி வருவதற்கு மற்ற காரணங்கள்: பங்கேற்பாளரிடம் ஆய்வைப் பற்றிச் சொல்லும் தகவல் தாள் ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்தது அப்பட்டமாகத் தெரிவது, அழுதால் என்ன செய்வீர்கள் என்பதற்கு ‘ஆறுதல் கூறப்படும்’ என்று மட்டும் இருப்பது, ஒலிப்பதிவுக்குத் தனி ஒப்புதல் இல்லாதது, ஆட்களை யார் மூலம் அணுகுவீர்கள் என்பதைச் சொல்லாதது.

தகவல் தாளை எப்படி எழுதுவது?

முதலில் ‘ஆய்வு’ என்ற சொல்லைப் பார்ப்போம். கல்லூரிக்குள் அது படிப்பைக் குறிக்கும். ஊரில் அதிகாரி வந்து பார்வையிடுவதும் ‘ஆய்வு’தான். ‘ஆய்வுக்காக வந்திருக்கோம்’ என்றதும் ரேஷன் கார்டை எடுத்துவர உள்ளே போகிறவர்கள் உண்டு. பட்டா, முதியோர் உதவித்தொகை, வீடு ஏதாவது கிடைக்கும் என்ற எண்ணத்தில் சம்மதித்தால் அது சம்மதமே இல்லை. ‘பேட்டி’ என்றால் டிவியில் வரும் என்று நினைப்பார்கள். ‘படிப்புக்காக உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்’ என்பதே பெரும்பாலான இடங்களில் சரியாகப் போய்ச் சேர்கிறது.

தாள் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம், எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஆனால் அது வாசித்துக் காட்டுவதற்கான தாள். பேச்சுத் தமிழில் எழுதுவதைக் கமிட்டி குறையாக நினைக்காது. ஒரு மாதிரி:

‘நான் காலேஜ்ல பிஎச்டி படிக்கிறேன். மில்லுல வேலை பாத்த பொண்ணுங்க இப்ப எப்படி இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கறதுக்காகப் பேசறேன். நான் கவர்மென்ட் ஆள் இல்ல, மில்லு ஆளும் இல்ல. பேசறதால உங்களுக்குப் பணமோ திட்டமோ எதுவும் வராது. ஒரு மணி நேரம் ஆகும். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். பாதியில “போதும்”னு சொல்லலாம். நீங்க பேசறத டேப் பண்ணலாமான்னு தனியா கேப்பேன், வேண்டாம்னா எழுதிக்கறேன். உங்க பேரு, ஊரு எதுவும் எழுத மாட்டேன். ஒரே ஒரு விஷயம்: பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைக்குப் பாலியல் தொந்தரவு நடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சா, சட்டப்படி நான் சொல்லியாகணும். அத மட்டும் என்னால மறைக்க முடியாது.’

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘நீங்கள் சொல்லும் எதுவும் வெளியே போகாது’ என்பது உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு.

வாசித்து முடித்ததும் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ‘புரிஞ்சுது’ என்றுதான் வரும். அதற்குப் பதில், ‘நடுவுல உங்களுக்குப் பிடிக்கலேன்னா என்ன பண்ணுவீங்க?’ என்று கேளுங்கள். ‘அதெப்படிங்க, வந்தவங்கள எழுந்து போன்னு சொல்ல முடியுமா?’ என்று பதில் வந்தால், உங்கள் தகவல் தாள் இன்னும் வேலை செய்யவில்லை.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லையே. அது சம்மதம்தானே?

வீடு தேடி வந்தவரை முகத்துக்கு நேரே மறுப்பது நம் ஊர் வழக்கம் இல்லை. ‘அப்புறம் பாக்கலாம்’, ‘அவரு வந்ததும் கேட்டுச் சொல்றேன்’, ‘எனக்கென்னங்க தெரியும், வாத்தியாரைக் கேளுங்க’, ‘அடுப்புல வேலை கெடக்கு’ எல்லாமே மறுப்புதான். ஒருமுறை இப்படிச் சொன்னவரிடம் இன்னொரு முறை போகலாம். இரண்டாம் முறையும் இதுவே வந்தால் விட்டுவிடுங்கள். பேச்சுக்கு நடுவில் பதில்கள் ஒற்றைச் சொல்லாகச் சுருங்குவது, வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பது ஆகியவற்றையும் மறுப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒப்புதல் என்பது தொடக்கத்தில் வாங்கி ஃபைலில் போட்டுவிடும் காகிதம் இல்லை. கேள்வி கனமாகும் ஒவ்வொரு இடத்திலும், ‘இதப் பத்திப் பேசலாமா?’ என்று திரும்பக் கேட்க வேண்டும்.

கையெழுத்துப் போட மறுக்கிறார். ஆனால் பேசத் தயார். என்ன செய்வது?

மறுப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த கதை பல குடும்பங்களில் உண்டு. கையெழுத்தே அவருக்குக் கேடாக முடிகிற இடங்களும் உண்டு: பாலியல் தொழில், போதைப்பொருள் பயன்பாடு, தொழிற்சங்கம். அங்கே அவர் பங்கேற்றார் என்பதற்கு இருக்கும் ஒரே சான்று அந்த ஒப்புதல் படிவம்தான்.

வாய்மொழி ஒப்புதலை ஐசிஎம்ஆர் அனுமதிக்கிறது. ஆனால் அதைக் கமிட்டியிடம் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். களத்தில் நின்றுகொண்டு தீர்மானிக்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், எழுதப் படிக்கத் தெரிந்த நடுநிலைச் சாட்சி முன்னால் வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கலாம். சாட்சியாக யாரை உட்கார வைக்கிறீர்கள் என்பதில்தான் கோட்டை விடுவார்கள். கணவர், மேஸ்திரி, உங்களை அழைத்து வந்த தொண்டு நிறுவனப் பெண் ஆகியோர் நடுநிலையாளர்கள் இல்லை. சாட்சி ஒப்புதலுக்கு மட்டும் இருந்துவிட்டுப் போய்விட வேண்டும், நேர்காணலுக்கு உட்காரக் கூடாது.

சுய உதவிக் குழுத் தலைவி ஆட்களைத் திரட்டித் தருகிறார். இதில் என்ன தவறு?

நாளை லோன் கேட்டு அவரிடம்தான் போயாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர், அவர் அழைத்தால் எப்படி மறுப்பார்? கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஊராட்சித் தலைவர், வகுப்பாசிரியர் எல்லோருக்கும் இது பொருந்தும். இவர்கள் உதவி இல்லாமல் ஊருக்குள் நுழைய முடியாது என்பதும் உண்மை. அதனால் அவர்கள் வேலை அறிமுகத்தோடு நிற்க வேண்டும். தகவல் சீட்டைப் பத்துப் பதினைந்து பேரிடம் கொடுக்கட்டும். விருப்பம் உள்ளவர் உங்களுக்கு மிஸ்டு கால் கொடுக்கட்டும். யார் பேசினார், யார் மறுத்தார் என்பது அறிமுகம் செய்தவருக்குத் தெரியக் கூடாது. ‘லட்சுமி என்ன சொன்னா?’ என்று அவர் கேட்கத்தான் செய்வார். ‘எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்றேங்க, யார் பேசினாங்கன்னே சொல்ல மாட்டேன்’ என்ற பதிலை முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள்.

மாற்றுப்பெயர் வைத்துவிட்டோம். ரகசியம் காப்பாற்றப்பட்டுவிட்டது அல்லவா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

1958இல் ஆர்தர் விடிச், ஜோசப் பென்ஸ்மன் இருவரும் நியூயார்க் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். ஊருக்கும் ஆட்களுக்கும் மாற்றுப்பெயர்தான். வெளியூர்க்காரர்களுக்கு எதுவும் தெரியவில்லை, ஊர்க்காரர்களுக்கோ முதல் வாசிப்பிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு ஜூலை 4 ஊர்வலத்தில் அவர்கள் அந்த மாற்றுப்பெயர்களை மாட்டிக்கொண்டு முகமூடியோடு வந்தார்கள். பின்னால் எருவண்டி ஒன்றில் ஆய்வாளரின் உருவபொம்மை. நியூசிலாந்துச் சமூகவியலாளர் மார்ட்டின் டோலிச் 2004இல் இந்தச் சிக்கலுக்கு ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் உள்வட்ட ரகசியம் எனலாம்: ஒருவரையொருவர் அறிந்த வட்டத்துக்குள், யார் என்ன சொன்னார் என்பது தெரியாமல் காப்பது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். சத்துணவு மையச் சமையலர் ஒருவர் சொல்கிறார்:

‘2019 ஜூன்ல இங்க வந்தேன். எங்க காலனியில இருந்து வேலைக்கு வந்தது நான் ஒருத்திதான். மொத வாரம் பதினோரு பிள்ளைங்க சாப்பிடல. கோயில் தெருக்காரங்க வீட்டுலேந்து டிபன் கட்டி அனுப்பினாங்க. எச்எம்தான் வந்து பிள்ளைங்களோட உக்காந்து சாப்பிட்டாரு.’

‘சமையலர், 41 வயது, ஒரு மாவட்டம்’ என்று இதன் கீழே போட்டால் போதுமா? அந்த ஒன்றியத்தில் இருக்கும் எவரும் பத்து நொடியில் கண்டுபிடிப்பார்கள். காட்டிக்கொடுப்பவை எவை என்று பாருங்கள்: ஆண்டும் மாதமும், ‘நான் ஒருத்திதான்’, பதினொன்று என்ற எண், தெருப் பெயர், எச்எம் செய்த காரியம். கடைசியில் சொன்னதுதான் மிக ஆபத்தானது, ஏனென்றால் ஊரே பேசிய சம்பவம் அது. வெளியிடும்போது:

‘[சில ஆண்டுகளுக்கு முன்] வந்தேன். மொத வாரம் [பல] பிள்ளைங்க சாப்பிடல. [ஆதிக்க சாதித் தெருவிலிருந்து] டிபன் கட்டி அனுப்பினாங்க.’

எச்எம் வரி போய்விட்டது. பகுப்பாய்வுக்கு அது தேவை என்றால், ஆளோடு ஒட்டாமல், ‘சில பள்ளிகளில் ஆசிரியர்கள் தலையிட்டனர்’ என்று வேறு அத்தியாயத்தில் வரலாம். சாதியை மறைக்க முடியாது, ஆய்வே அதைப் பற்றியது. அதனால் மற்ற எல்லாவற்றையும் மங்கலாக்க வேண்டியிருக்கிறது. வயதை ‘நாற்பதுகளில்’ என்றும், மாவட்டத்தை ‘காவிரிப் பாசனப் பகுதி’ என்றும் மாற்றலாம். ஒரே ஆளின் ஐந்து மேற்கோள்களை ஒரே மாற்றுப்பெயரில் போட்டால், ஒவ்வொன்றும் தனியே பாதுகாப்பாக இருந்தாலும் ஐந்தையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு ஆள் கிடைத்துவிடுவார். கேடு அதிகமுள்ள மேற்கோளை எந்தப் பெயரும் இல்லாமல் போடுங்கள்.

மாற்றுப்பெயரைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். பாத்திமாவை மேரி என்றும் மாடத்தியைச் சரண்யா என்றும் மாற்றினால் மதம், சாதி, வட்டாரம், தலைமுறை எல்லாம் மாறிவிடும். அது வாசகரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு, ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு அது இல்லை. பேச்சே முகவரி. ‘ஏனுங்’ என்றால் கோவைப் பக்கம், ‘வந்தாவ’ என்றால் தெற்கத்தி ஆள், ‘ஆத்துல’ என்றால் சாதியே தெரிந்துவிடும், ‘அத்தா’ என்றால் மதமும் சேர்ந்து தெரியும். சொன்னது சொன்னபடி அச்சிட்டால் அழகுதான். ஆனால் ஒரு நிறுவனத்தில் நேர்காணல் கொடுத்த எட்டுப் பேரில் ஒருவர் மட்டும் நாகர்கோவில்காரர் என்றால், வட்டார வழக்கைப் பொதுப் பேச்சுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். அப்படி மாற்றியிருப்பதை முறையியல் பகுதியில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

குழுக் கலந்துரையாடலில் ரகசியத்துக்கு உறுதி கொடுக்கலாமா?

கொடுக்க முடியாது. எட்டுப் பேர் உட்கார்ந்த இடத்தில் உங்கள் வாய்க்கு மட்டும்தான் நீங்கள் பொறுப்பு. ‘இங்க பேசறத நான் வெளிய சொல்ல மாட்டேன். மத்தவங்க சொல்ல மாட்டாங்கன்னு என்னால உறுதி தர முடியாது. அதனால உங்க சொந்த விஷயத்தச் சொல்லாதீங்க, ஊர்ல பொதுவா எப்படி நடக்குதுன்னு சொல்லுங்க’ என்று தொடங்குங்கள். கருக்கலைப்பு, கடன், குடும்ப வன்முறை பற்றிய சொந்த அனுபவம் வேண்டும் என்றால் தனி நேர்காணல் வையுங்கள். மாமியாரையும் மருமகளையும் ஒரே குழுவில் உட்கார வைப்பதைச் சொல்லவே தேவையில்லை. ஆனால் நடக்கிறது.

குடும்ப வன்முறை பற்றிக் கேட்கும்போது என்ன கூடுதல் கவனம் வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2001இல் இதற்கெனத் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. களத்துக்கு நேராக உதவுபவை சில. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே பேச வேண்டும். ஊரிலும் வீட்டிலும் ஆய்வின் பெயரைப் ‘பெண்கள் உடல்நலம்’ என்பதுபோலப் பொதுவாகச் சொல்ல வேண்டும். உண்மையான தலைப்பை அந்தப் பெண்ணிடம் தனிமையில் மட்டும் சொல்ல வேண்டும். யாராவது உள்ளே வந்தால் மாற்றிப் பேச, மாதவிடாய், ரத்தசோகை என்று ஒரு போலிக் கேள்வித்தாள் கையில் தயாராக இருக்க வேண்டும்.

உதவி எண்கள் உள்ள சீட்டைக் கொடுத்துவிட்டு வருவார்கள், கணவர் கையில் அது கிடைத்தால் அன்றிரவு என்ன ஆகும் என்று யோசிப்பதில்லை. ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, குழந்தைகள் 1098 ஆகியவற்றுக்கு நடுவில் பெண்கள் உதவி எண் 181ஐயும் மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416ஐயும் எந்த விளக்கமும் இல்லாமல் அச்சிடுங்கள். எது எதற்கு என்பதை வாயால் சொல்லுங்கள். அச்சிடும் முன் ஒவ்வோர் எண்ணையும் நீங்களே அழைத்துப் பாருங்கள்.

செல்போனும் ஒரு பொறி. பல வீடுகளில் ஒரே போன்தான், அதுவும் கணவர் சட்டைப்பையில் இருக்கும். ‘நேத்து பேசினோமே’ என்று மெசேஜ் அனுப்பக் கூடாது. எந்த நேரத்தில் அழைக்கலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பேசும்போது அழுதுவிட்டால்?

அழுவது தவறில்லை, உடனே நிறுத்திவிடுவதும் எப்போதும் சரியில்லை. ரெக்கார்டரை அணையுங்கள், அவர் பார்க்கும்படி. தண்ணீர் கொடுங்கள். அரை நிமிடம் சும்மா இருங்கள், பலருக்கு இதுதான் கடினம். பிறகு மூன்று வழிகளைச் சொல்லுங்கள்: இத்தோடு முடிக்கலாம், கொஞ்ச நேரம் கழித்துத் தொடரலாம், இதை விட்டு வேறு பேசலாம். தேர்வு அவருடையது. எந்த நேர்காணலையும் கனமான கேள்வியோடு முடிக்காதீர்கள், கடைசிப் பத்து நிமிடம் அன்றாட விஷயங்களுக்கு. அவர் அனுமதித்தால் இரண்டு நாள் கழித்து ஒருமுறை விசாரியுங்கள். நீங்கள் மருத்துவராகவோ ஆலோசகராகவோ இருந்தாலும், அங்கே அந்த வேலையைத் தொடங்காதீர்கள். அடுத்த வாரம் நீங்கள் அங்கே இருக்கப்போவதில்லை.

குற்றம் ஒன்றைப் பற்றிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

இந்தியச் சட்டம் வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆய்வாளருக்கும் பங்கேற்பாளருக்கும் அப்படி எதுவும் தரவில்லை. நீதிமன்றம் கேட்டால் ஒலிப்பதிவைக் கொடுக்க வேண்டியிருக்கும். பாஸ்டன் கல்லூரியில் நடந்ததை நினைவில் வையுங்கள். 2001 முதல் வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம் வாய்மொழி வரலாறு சேகரித்தார்கள். நீங்கள் இறக்கும்வரை வெளிவராது என்று வாக்கு. ‘அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ என்ற வரம்பு பங்கேற்பாளர்கள் கையெழுத்திட்ட தாளில் இல்லை. 2011இல் பிரிட்டிஷ் தரப்பு கேட்டது, வழக்கு நடந்தது, சில பதிவுகள் காவல்துறையிடம் போய்ச் சேர்ந்தன.

போக்சோ சட்டம் (2012) இன்னும் நேரடியானது. 18 வயதுக்குக் கீழானவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. இளவயதுக் கர்ப்பம் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 17 வயதில் திருமணமாகிக் கர்ப்பமாக இருக்கும் பெண்ணிடம் பேசுகிறீர்கள். 18 வயதுக்குட்பட்ட மனைவியுடனான உறவும் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்துவிட்டது. நீங்கள் தெரிவித்தால் அவள் கணவன் சிறைக்குப் போவான், தெரிவிக்காவிட்டால் நீங்கள் குற்றவாளி. இதற்குக் களத்தில் தீர்வு கிடையாது. கமிட்டியின் சட்ட உறுப்பினரோடு முன்பே உட்கார்ந்து, யாரிடம் பேசுவது, என்ன கேட்காமல் இருப்பது, தெரியவந்தால் யாருக்கு எந்த வரிசையில் சொல்வது என்று எழுதி வைத்துக்கொண்டு போக வேண்டும். உதவியாளர்களுக்கும் அந்தத் தாளைக் கொடுங்கள்.

குழந்தைகளிடம் பேச யார் ஒப்புதல் வேண்டும்?

7 வயதுக்குக் கீழே பெற்றோரின் ஒப்புதல். 7 முதல் 12 வரை அதோடு குழந்தையின் வாய்மொழி இசைவு. 12 முதல் 18 வரை பெற்றோரின் ஒப்புதலோடு எழுத்து இசைவு. அம்மா சம்மதித்து, குழந்தை மறுத்தால் அது மறுப்புதான். தலைமையாசிரியரின் அனுமதி பள்ளி வளாகத்துக்குள் நுழைய மட்டுமே. ‘ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும்’ என்று டைரியில் எழுதி அனுப்பிவிட்டுப் பதில் வராததைச் சம்மதமாகக் கொள்ள முடியாது.

பணம் கொடுக்கலாமா?

போக்குவரத்துச் செலவும் இழந்த கூலியும் கொடுக்கலாம், கமிட்டி ஒப்புதலோடு. ஒரு மணி நேரப் பேச்சுக்காக அரைநாள் வேலை போகிறது என்றால் அந்தப் பகுதியின் அரைநாள் கூலிதான் அளவு. அதைத் தாண்டிப் பெரிய தொகை வைத்தால் மறுக்க நினைத்தவரும் மறுக்க மாட்டார். பாதியில் எழுந்து போனவருக்கும் முழுத்தொகை உண்டு. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் ‘எப்போது வேண்டுமானாலும் விலகலாம்’ என்ற வரி வெறும் பேச்சு.

யாரும் எதிர்பாராத இடத்தில் ரகசியம் உடைவது இங்கேதான். கல்லூரிக் கணக்குப் பிரிவு வவுச்சரில் பெயர், முகவரி, ஆதார் எண், கையெழுத்து எல்லாம் கேட்கும். வவுச்சரின் தலைப்பில் ‘எச்ஐவியுடன் வாழும் பெண்கள் பற்றிய ஆய்வு’ என்று இருக்கும். முப்பது பெயரோடு அது மூன்று மேசைகளைக் கடந்து போகும். திட்டம் தொடங்கும் முன்பே கணக்கு அலுவலரிடம் பேசி, குறியீட்டு எண் போட்ட ரசீதுக்கும் தலைப்பில் திட்ட எண் மட்டும் இருப்பதற்கும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

ஒலிப்பதிவுகளை எப்படி வைத்துக்கொள்வது?

முடிந்தால் தனி ரெக்கார்டர். போன் என்றால் தானியங்கி பேக்கப்பை முதலில் அணையுங்கள், இல்லையென்றால் நேர்காணல் முடிவதற்குள் குரல் கிளவுடில் ஏறிவிடும். அழித்த கோப்பு கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். ஆய்வு வழிகாட்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கோப்பின் பெயர் ‘செல்வி அக்கா ஒட்டன்சத்திரம்’ என்று இருக்கக் கூடாது, ‘ப07_1’ போதும். ப07 யார் என்று சொல்லும் பட்டியல் வேறு கணினியில் கடவுச்சொல்லோடு. ஒப்புதல் படிவங்கள் பூட்டிய பீரோவில், எழுத்துப் படிகளோடு சேராமல்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும், கலந்துரையாடல் என்றால் இன்னும் கூடும். ஆள் வைத்துச் செய்தால் ரகசிய உறுதிமொழி வாங்குங்கள், அதே ஊர்க்காரரைத் தவிருங்கள். இலவச இணையச் செயலியில் ஏற்றினால் அந்தக் குரல் யாருடைய சர்வரில் எவ்வளவு நாள் இருக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது. சொல்ல முடியாததைச் செய்யாதீர்கள். ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல் ஆய்வு முடிந்து குறைந்தது 3 ஆண்டுகள் ஆவணங்களைக் காக்கச் சொல்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் கூடுதலாகக் கேட்டால் அதைத் தகவல் தாளிலேயே எழுதுங்கள்.

பேசி முடித்த பிறகு ‘என்னுடையதை எடுத்துவிடுங்கள்’ என்றால்?

எடுக்க வேண்டும். ஆனால் தீசிஸ் அச்சான பிறகு முடியாது. அதனால் ‘இன்ன தேதி வரைக்கும் சொன்னா எடுத்துடுவேன்’ என்று ஒரு தேதியை முதலிலேயே கொடுங்கள். எழுத்தாக்கம் முடிந்து நான்கு வாரம் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். குழுக் கலந்துரையாடலில் ஒருவர் பேச்சை மட்டும் பிரித்தெடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம், அதையும் முன்பே சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் இருப்பதை எடுத்து ஆராயலாமா?

உறுப்பினராகச் சேர்ந்தால்தான் படிக்க முடியும் என்றால் அது பொதுவெளி இல்லை. அட்மின் அனுமதி மட்டும் போதாது. பொதுவில் கிடக்கும் முகநூல் பதிவு என்றாலும், வரியை அப்படியே மேற்கோள் காட்டினால் தேடுபொறி ஆளைக் காட்டிவிடும். பொழிப்பாக எழுதுங்கள்.

ஆய்வு முடிந்தது. ஊருக்குத் திரும்பிப் போக வேண்டுமா?

போக வேண்டும், அச்சிடும் முன்பும் பின்பும். முன்பு போவது, கேடு விளையக்கூடிய மேற்கோள்களை உரியவரிடம் தனியாக வாசித்துக் காட்ட. ‘இத யாரு சொன்னான்னு உங்க தெருவுல கண்டுபிடிப்பாங்களா?’ என்று கேளுங்கள். அதற்கு அவரைவிடச் சரியாகப் பதில் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. பின்பு போகும்போது இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம், அறிமுகம் செய்தவர் வழியாக இல்லாமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி. ஊர்க்கூட்டத்தில் மேற்கோள்களை வாசிக்காதீர்கள், பொதுப்போக்குகளை மட்டும் சொல்லுங்கள்.

மானிடவியலாளர் நான்சி ஷெப்பர்-ஹியூஸ் 1970களில் அயர்லாந்தின் ஒரு மேற்குக் கிராமத்தில் மனநோய் பற்றி ஆய்வு செய்தார். அங்கும் ஊருக்கு மாற்றுப்பெயர்தான். 1999இல் திரும்பிப் போனபோது ஊரை விட்டுக் கிளம்பும்படி சொன்னார்கள். இருபது ஆண்டுகள் ஆகியும் அவர் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் யார் என்பது அவர்களுக்கு மறக்கவில்லை.